வாரத்தில் மூன்று மாலை, பழக இரண்டு கலை: முப்பதுக்கு மேல் எதில் தொடங்குவது?

வயது முப்பதைத் தாண்டிவிட்டது, உட்கார்ந்து பார்க்கும் வேலை, வாரத்தில் மூன்று மாலை மட்டும் ஒதுக்க முடியும். போட்டியில் இறங்கும் எண்ணமில்லை. ஆனால் ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று சண்டைக்கலைகளைப் பழகிப் பார்க்க ஆசை. அப்படிப்பட்டவர் எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு சேர்ப்பது? சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை, முவாய் தாய், ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்று ஆறையும் இங்கே எடை போடலாம்.

பெயரையும் பலகையையும் பார்த்துச் சேர்ந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் நின்றுவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை நிமிடம் எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் தடுக்கிறார் என்பது ஒன்று. அந்தப் பயிற்சி உடம்பில் எந்த மூட்டைப் பதம் பார்க்கும் என்பது மற்றது.

முதல் அளவுகோலுக்கு ஜூடோவே சான்று. 1882-இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜப்பானியச் சண்டைமுறையான ஜுஜுட்சுவில் இருந்த அடி, குத்து, விரல் முறிப்பு போன்ற ஆபத்தான உத்திகளை, இருவர் எதிர்த்து மோதும் தாராளப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சியவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை முழு பலத்தோடு, எதிர்க்கும் ஆள்மீது, தினந்தினம் பழக முடிந்தது. கொடிய வித்தைகளைக் காற்றில் மட்டும் பழகியவர்களைவிட, சாதுவான வித்தைகளை ஆள்மேல் பழகியவர்கள் முன்னேறியது இதனால்தான். ஆகவே ஒரு வகுப்பில் 'எங்கள் அடி உயிருக்கே ஆபத்து, அதனால் இங்கே ஸ்பாரிங் (ஆளோடு ஆள் மோதிப் பழகுவது) கிடையாது' என்று சொன்னால் வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

ஜூடோ: விழக் கற்றால் பாதிக் கிணறு

ஜூடோவில் வேறெந்தக் கலையிலும் இந்த அளவுக்குக் கிடைக்காத ஒன்று உண்டு: விழும் முறை. பைக்கிலிருந்து சறுக்கினாலும் ஈரமான குளியலறையில் வழுக்கினாலும் உதவுவது இதுதான். பின்பக்கம் விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்தலை தரையில் மோதாது. முழங்காலை மடக்கி முடிந்தவரை தாழ்ந்து, முதுகை வளைத்து உருள வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை விலகி, உள்ளங்கை கீழ்நோக்கி, தரையில் விரித்த மெத்தையை (மேட்) அறைய வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். கையைத் தோள் உயரத்துக்கு விரித்து அறைந்தால் அதிர்ச்சி தோளுக்குப் போகும். விழுகிறோம் என்ற பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ காறை எலும்போ போகும். புதியவர்களின் முதல் மாதக் காயங்களில் பல இப்படி வருபவைதான்.

முப்பதுக்கு மேல் ஜூடோவின் சிக்கல், விழும் எண்ணிக்கை. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது முறை விழுவது சாதாரணம். சிமென்ட் தரைமேல் மெல்லிய ஃபோம் விரித்த இடத்தில் இது முதுகெலும்புக்கு வேட்டு. குறைந்தது 4 சென்டிமீட்டர் தடிமனான ஜூடோ மேட் வேண்டும். அடியில் அதிர்வை வாங்கும் மரத்தளம் இருந்தால் உத்தமம். மேட்டுகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். கால்விரல் முறிவது அங்கேதான். தானி-ஓதோஷி என்ற, பின்னால் சாய்ந்து விழுந்து வீழ்த்தும் எறிவைப் புதியவர்கள் அரைகுறையாகச் செய்தால், முழு எடையும் எதிராளியின் முழங்காலில் பக்கவாட்டாக விழுந்து தசைநார் கிழியும். முதல் வருடம் அந்த எறிவை என்மேல் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவதில் வெட்கமில்லை. தாராளப் பயிற்சிக்கு உங்கள் எடையோடு பத்து கிலோவுக்குள் வித்தியாசம் உள்ளவரையே தேடுங்கள்.

ஜியு-ஜிட்சு: அதிகம் மோதலாம், குறைவாக அடிபடலாம்

கானோவின் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா பிரேசிலில் கற்பித்ததிலிருந்து கிரேசி குடும்பம் வளர்த்தெடுத்த கிளை இது. எறிவதைக் குறைத்துத் தரையில் புரளும் சண்டையைப் பெருக்கியது. பெரும்பாலான நேரம் இருவருமே தரையில் இருப்பதால் உயரத்திலிருந்து விழும் அதிர்ச்சி குறைவு. தலையில் அடி கிடையாது. பிடி இறுகியதும் இரண்டு முறை தட்டினால் விட்டுவிடுவார்கள். அதனால் அலுவலகம் முடித்து வந்தவரும் ஐந்து ஐந்து நிமிடச் சுற்றாக நான்கைந்து பேரோடு முழு முயற்சியில் மோதிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகலாம். 'எதிராளி தடுக்கும் நிமிடங்கள்' கணக்கில் ஆறு கலைகளிலும் இதுவே முன்னணி.

காயமே இல்லை என்று அர்த்தமில்லை. காரணங்களில் முதலாவது தாமதமாகத் தட்டுவது. முழங்கைப் பூட்டில் வலி முதலில் வரும், அதனால் தப்பிக்க அவகாசம் உண்டு. குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்கு முன்பே முழங்கால் தசைநார் அறுந்துவிடும். சர்வதேச விதிகளிலேயே கி (தடித்த பருத்திச் சீருடை) அணிந்த போட்டியில் அது யாருக்கும் அனுமதியில்லை; கி இல்லாத போட்டியிலும் பழுப்பு, கருப்பு பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும்தான். வெள்ளை பெல்ட்காரர்களை அதை வைத்து விளையாட விடும் இடத்தில் சேராதீர்கள். அடுத்தது விரல் மூட்டுகள். கியின் கையைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் இரண்டு வருடத்தில் விரலை வீங்க வைக்கும். பிடி பறிபோகும் என்று தெரிந்தவுடன் நீங்களே விட்டுவிடப் பழகுங்கள்.

நம் ஊர் வெக்கையில் இன்னொரு விஷயம், தோல். மேட்டில் படர்தாமரை பரவுவது சர்வசாதாரணம். வட்டமாகச் சிவந்து அரித்தால் வகுப்புக்குப் போகாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் அரிப்பை இரண்டு நாளில் அடக்கி, பூஞ்சையை உள்ளுக்குள் பரப்பிவிடும். பிறகு மாதக்கணக்கில் போகாது. பருத்தி கி தண்ணீர் குடித்தால் மழைக்காலத்தில் மறுநாள் மாலைக்குள் காயாது. ஆகவே இரண்டு கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உடம்போடு ஒட்டிய மேலாடையான ரேஷ் கார்டும் அரைக்கால் சட்டையும் போட்டுப் பழகும் வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈரக் கியை அயர்ன் பண்ணிப் போட்டு வருகிறவர் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள்.

குறை என்னவென்றால், அடி இருக்கிறது என்பதையே மறக்கடிக்கும் கலை இது. தானாக மல்லாந்து படுத்து எதிராளியைக் காலுக்கிடையில் இழுத்துக்கொள்வது போட்டியில் நல்ல உத்தி. தார்ச்சாலையில் அது தற்கொலை. முன்னேற்றமும் மெதுவாகத்தான் வரும். நீல பெல்ட்டிலேயே குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கருப்பு பெல்ட்டுக்குப் பத்து வருடம் ஆவது இயல்பு.

குத்துச்சண்டையும் முவாய் தாயும்

அடி முறைகளில் சீக்கிரம் பலன் தருவது குத்துச்சண்டை. ஜாப், கிராஸ், ஹூக், அப்பர்கட் என்று குத்துகள் நான்கே. மீதி எல்லாம் கால்வேலையும் தலை நகர்த்தலும். வட சென்னையில் தலைமுறைகளாக ஊறிய விளையாட்டு என்பதால் அனுபவமுள்ள மாஸ்டர்களும் கிடைப்பார்கள்.

புதியவரின் கையைக் கெடுப்பது பேண்டேஜ் கட்டுவதில் காட்டும் அலட்சியம். 4.5 மீட்டர் நீளமுள்ளதை வாங்குங்கள். குட்டையானது மணிக்கட்டுக்குப் போதாது. கட்டைவிரலில் மாட்டி மணிக்கட்டை மூன்று சுற்று, உள்ளங்கையை மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக, கட்டைவிரலை ஒரு சுற்று, மிச்சத்தை மறுபடி மணிக்கட்டில். விரல்களை விரித்து வைத்துக் கட்ட வேண்டும். மூடிக்கொண்டு கட்டினால் குத்தும்போது இறுகி மரத்துப்போகும். குத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் இறங்க வேண்டும். களைப்பில் ஹூக்கை வீசினால் சுண்டுவிரல் பக்கம் இறங்கி அந்த எலும்பு முறியும். தொங்கும் குத்துப்பைக்கும், மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடுக்கும் 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ். பை உங்கள் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். இலேசான பை ஊசலாடிக்கொண்டே இருக்கும், நீங்கள் குத்துவதற்குப் பதிலாகத் தள்ளப் பழகிவிடுவீர்கள்.

தலை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெட்கார்டு வெட்டுக் காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. சம்பளம் மூளையால் வருகிறவருக்கு வாராவாரம் பலத்த ஸ்பாரிங் தேவையே இல்லை. முதல் ஆறு மாதம் உடம்பில் மட்டும் குத்தும் ஸ்பாரிங், பிறகு தலையில் தொட்டு எடுக்கும் அளவு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிபட்டபின் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் கூசுவது என்று எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. மருத்துவரைப் பார்த்து, அறிகுறிகள் முழுதும் போனபிறகு, முதலில் நடை, அடுத்து கயிறு தாண்டல், அடுத்து பை என்று படிப்படியாகத்தான் ஸ்பாரிங்குக்குத் திரும்ப வேண்டும்.

முவாய் தாய் இதன்மேல் உதை, முழங்கால், முழங்கை, கழுத்துப் பிடி எல்லாவற்றையும் சேர்க்கிறது. நிறைவான கலை. ஆனால் இடுப்பு இறுகிய உடம்புக்கு முதல் மூன்று மாதம் பெரும்பாடு. வளைத்து உதைக்கும்போது ஊன்றிய காலின் முன்பாதம் சுழன்று குதிகால் எதிராளியைப் பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் அந்தத் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். கீழ்க்காலின் முன்னெலும்பைக் கெட்டியாக்குகிறேன் என்று பாட்டிலை உருட்டுவது வீண் வேலை. கனமான பையை மாதக்கணக்கில் உதைப்பதே போதும். இரண்டில் ஒன்று என்றால், வாரம் ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடிகிறவர் குத்துச்சண்டையை எடுக்கட்டும். முவாய் தாய்க்கு அந்த ஒரு நாள் பற்றாது.

கராத்தே: கலையைவிட வகுப்பே முக்கியம்

ஆறில் தரம் மிகவும் ஏறி இறங்குவது இதில்தான். ஒகினாவாவிலிருந்து வந்த கிச்சின் ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டியபோது அது பெரும்பாலும் கட்டா, அதாவது ஆளில்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகளின் பயிற்சி. பள்ளிகள் பிறகு பல திசைகளில் பிரிந்தன. ஷோட்டோகனில் 26 கட்டா, நீண்ட தாழ்ந்த நிலை, தொட்டு நிறுத்தும் ஸ்பாரிங். மாஸ் ஓயாமாவின் கியோகுஷினில் கிளவுஸ் இல்லாமல் உடம்பில் முழு பலத்தோடு அடி, தலைக்கு உதை உண்டு, முகத்தில் கைக்குத்து மட்டும் கிடையாது. இரண்டுக்கும் 'கராத்தே' என்றே பெயர் என்பதால் பலகையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

நம் ஊரில் பெரியவர்களுக்குள்ள நிஜமான சிக்கல் வேறு: வகுப்பு நிறையப் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் உயரத்தில் ஒரு ஜோடி கிடைக்காமல், பத்து வயதுப் பையனோடு கை கோத்துக்கொண்டு ஒரு வருடம் ஓடிவிடும். பெரியவர்கள் ஆறு பேராவது இல்லாத வகுப்பு வேண்டாம். மூன்று மாதத்துக்கொரு பெல்ட் பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், இரண்டே வருடத்தில் கருப்பு பெல்ட் என்றால் அங்கே விற்பது பெல்ட்தான்.

நல்ல வகுப்பு கிடைத்தால் கராத்தேக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. ஆளில்லாமல் வீட்டு மாடியில் தனியாகப் பழக முடிவது. ஆனால் கட்டாவின் ஒவ்வொரு அசைவையும் ஆள்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் கையை நீட்டிவிட்டுச் சிலையாக நிற்கக் கூடாது, இழுத்துக்கொள்ளவும் மறுகையால் அடிக்கவும் வேண்டும். அப்படிச் செய்தால் பாதி விளக்கங்கள் உதிர்ந்துவிடும், மீதிப் பாதி கையில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுதாகப் பூட்டாதீர்கள். முன்னங்காலை மடக்கி நிற்கையில் முழங்கால் உள்ளே சரியாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்கட்டும்.

பட்டியலில் இரண்டை விட்டதற்குக் காரணம் உண்டு. உதைகள் நிறைந்த கொரியக் கலையான டேக்வாண்டோ வளைந்து கொடுக்கும் இளம் உடம்புக்கு. முப்பத்தைந்தில் தொடைப் பின்தசையோடு மல்லுக்கட்டுவதிலேயே முதல் வருடம் கழியும். களரிப்பயற்று அழகானது, ஆனால் மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்த்தாரி (கம்பு), அங்கத்தாரி (உலோக ஆயுதம்) என்று படிப்படியாக ஏறி வெறுங்கைக்கு வர வருடக்கணக்கு ஆகும். அதோடு இன்னொரு கலையைச் சேர்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

சிலம்பம்

சிலம்பத்தை 'நம்ம ஊர் கலை' என்ற பாசத்துக்காக மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பது, அறுபது வயதிலும் தொடரக்கூடிய கலை எது என்று கேட்டால் இந்த ஆறில் முதலில் நிற்பது அதுதான். உடம்போடு உடம்பு மோதுவதில்லை. தோள்பட்டை, மணிக்கட்டு, இடுப்பு, கால் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். நாலடி இடத்தில் காலடியும், பத்தடி இடத்தில் கம்பும் பழகலாம்.

கம்பின் உயரம் நின்றால் புருவ மட்டத்துக்கு வர வேண்டும். பிடித்தால் பெருவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும்; தொடாவிட்டால் கம்பு தடிமன், மணிக்கட்டில் நரம்பு இழுக்கும். ஒவ்வொரு நாளும் கையில் எடுத்தவுடன் கணுக்களில் விரிசல் பாருங்கள். வெடித்த மூங்கில் உள்ளங்கையைக் கிழிக்கும், ஆளோடு தட்டும்போது சிம்பு கண்ணுக்குப் பறக்கும். புதியவர்கள் மணிக்கட்டை மட்டும் சுழற்றுவார்கள். கம்பைச் சுற்ற வேண்டியது இடுப்பும் தோளும்; மணிக்கட்டு வழிவிட்டால் போதும். முதல் மாதத்திலேயே மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் வலித்தால் காரணம் இதுதான். வேகத்தைக் குறைத்து, காலடியோடு சேர்த்து ஒற்றைச் சுற்றுக்குத் திரும்பிவிடுங்கள்.

பெரிய பொறி, மேடைச் சுற்றோடு நின்றுவிடுவது. நெருப்பு வைத்துச் சுற்றுவதும் இரட்டைக் கம்பும் பார்க்க அமர்க்களம். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வெட்டு, தட்டு, வாரல், குத்து என்று அடித்துத் தடுத்துப் பழகாவிட்டால் தூரம் கணிக்கும் கண் வராது. ஆசானிடம் முதல் நாளே 'ஆளோடு அடிமுறை எப்போது தொடங்கும்' என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டிக்கு ஆள் தயாராகும் இடம் என்றால் அந்தப் பயிற்சி கட்டாயம் இருக்கும். விரல் முட்டிகளுக்குக் கையுறையும் முகத்துக்குக் கவசமும் இல்லாமல் வேகமாகத் தட்டாதீர்கள். சிலம்பத்தோடு வெறுங்கைச் சண்டை முறையான குத்துவரிசையும் சொல்லித்தரும் ஆசான் கிடைத்தால் இன்னும் நல்லது.

எதோடு எதைச் சேர்ப்பது

ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு கலைகளை ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் ஆர்வலர்கள் செய்யும் பொதுத் தவறு. கராத்தேயும் குத்துச்சண்டையும் சேர்ந்தால், குத்தியபின் கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்லும் பழக்கமும் தாடைக்குத் திரும்பச் சொல்லும் பழக்கமும் மோதும். ஸ்பாரிங்கில் கை நடுவில் தொங்கும், மூக்கில் வாங்குவீர்கள். குத்துச்சண்டையில் குனிந்து தப்பிக்கும் அசைவு முவாய் தாயில் நேராக எதிராளியின் முழங்காலுக்கு முகத்தைக் கொடுக்கும். ஜூடோவில் குப்புறப் படுத்து நடுவர் நிறுத்தும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம். அதே ஆள் ஜியு-ஜிட்சுவில் அப்படிப் படுத்தால் முதுகைக் கொடுத்து நான்கு புள்ளி இழப்பார், கூடவே கழுத்தையும். சிலம்பமும் ஒகினாவாவின் ஆறடி போ கம்பும்கூட ஒத்துவராது. அது கம்பை மூன்றாகப் பகுத்து நடுவில் பிடிக்கும். சிலம்பம் ஒரு முனைப் பக்கமாகப் பிடித்து நீளத்தைப் பயன்படுத்தும்.

தூரத்தால் வேறுபட்ட இரண்டு கலைகள் சண்டை போடாது. பிடிச்சண்டையும் கைக்குத்தும் சேரும். கம்பும் பிடிச்சண்டையும் சேரும். ஆகவே பரிந்துரை இது. முழங்காலும் தோளும் நன்றாக இருப்பவர் ஜியு-ஜிட்சுவை அடிப்படையாக வைத்து, ஒரு வருடம் கழித்து வாரம் ஒரு மாலை குத்துச்சண்டையைச் சேர்க்கட்டும். பக்கத்தில் சரியான மேட்டோடு ஜூடோ அரங்கம் இருந்தால், அதற்கும் முன்னால் மூன்று மாதம் விழுவதை மட்டும் கற்றுவிட்டு வருவது பொன்னான முதலீடு. மூட்டுப் பழைய காயம் உள்ளவர், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர் சிலம்பத்தை அடிப்படையாக எடுத்து, ஸ்பாரிங் இல்லாமல் பையிலும் பேடிலும் மட்டும் குத்துப் பழகலாம். பெரியவர்கள் நிறைந்த கியோகுஷின் வகுப்பு நடை தூரத்தில் இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி யோசியுங்கள். தொலைவில் உள்ள சிறந்த வகுப்பைவிடப் பக்கத்தில் உள்ள நல்ல வகுப்புக்குத்தான் மழைநாளிலும் போவீர்கள்.

முதல் வருடம் இரண்டு மாலை கலைக்கு, மூன்றாவது மாலை உடம்பைப் பலப்படுத்த: ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப், கழுத்துப் பயிற்சி. இரண்டாம் வருடத்திலிருந்து அடிப்படைக்கு இரண்டு, புதியதற்கு ஒன்று. ஒன்றரை ஒன்றரை என்று சமமாகப் பிரித்தால் ஐந்து வருடம் கழித்தும் இரண்டிலும் புதியவராகவே இருப்பீர்கள். வகுப்பு முடிந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எதை முயன்றேன், எந்த இடத்தில் அறுந்தது, எதிராளி அப்போது என்ன செய்தார். 'நல்ல பயிற்சி' என்று எழுதுவதால் பயனில்லை. 'ஹூக் வீசும்போது இடது கை தாழ்ந்தது, மூன்றாம் சுற்றில் மட்டும்' என்று எழுதினால், பிழை உத்தியில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

பணம் கட்டும்போது ஆண்டுச் சந்தா தள்ளுபடியில் மயங்காமல் மாதாமாதம் கட்டுங்கள். சேரும் முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முப்பத்தைந்து தாண்டியவர்கள் களத்தில் இருக்கிறார்களா, புதியவரைப் பழையவரோடு ஜோடி சேர்க்கிறார்களா, தட்டியவுடன் விடுகிறார்களா, ஆசான் தன் மாணவரிடம் தோற்கும் சுற்றுகளை ஆடுகிறாரா என்பவை அதில் தெரியும். முதல் மாதத்தில் வாங்க வேண்டியவை பல்லுக்கு மவுத் கார்டும் கைக்கு பேண்டேஜும்தான். கிளவுஸ், கி, சொந்தக் கம்பு எல்லாம் நான்காவது மாதமும் நீங்கள் வந்துகொண்டிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.